மலைக்குப் போன டம்ளர்

எங்கள் வீட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் பன்னிரண்டு இருந்தன. என் மனைவி சீராகக் கொண்டு வந்தவை. ஒவ்வொன்றிலும் விளிம்புக்குக் கீழே அவள் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். விருந்தாளிகள் போனதும் அவற்றைத் துடைத்துக் கவிழ்த்து எண்ணி வைப்பது என் வேலை. அந்த வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை. நான் ஈப்போவில் ஓர் அரசாங்கச் சாமான் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவன். ஆணி, தாழ்ப்பாள், மண்வெட்டி என்று எண்ணி எண்ணியே பென்ஷன் வரைக்கும் வந்து சேர்ந்தேன். எண்ணாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

என் நண்பன் ஊழியத்துக்கென்று வெளிநாடு போனதைச் சொல்ல வந்தவன் டம்ளரில் ஆரம்பிக்கிறேனே என்று அவனுடைய சபைப் போதகர் இருந்திருந்தால் வருத்தப்பட்டிருப்பார். என்ன செய்வது, எனக்கு அது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவனும் நானும் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில், ஒரு பலகைச் சுவருக்கு இரண்டு பக்கமுமாகப் பிறந்தவர்கள். அந்தச் சுவர் கூரை வரைக்கும் எட்டாது. அவர்கள் வீட்டு ஜெபம் எங்களுக்குக் கேட்கும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் வேதக்காரர்கள், நாங்கள் மாரியம்மன் கோயில்காரர்கள். பெரியவர்களான பிறகு இருவரும் ஈப்போவில் புந்தோங்குக்கே குடிவந்தோம். அவன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலை முடிந்து தினமும் ஒரே கோப்பிக்கடையில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்காருவோம்.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு நாள் அந்த மேசையில் வைத்துத்தான் சொன்னான்.

"மச்சான், நான் தாய்லாந்து போறேன்."

பக்கத்து மேசையில் இருந்த லாரி டிரைவர் எங்களைக் கேட்காமலே சிரித்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆண்கள் தாய்லாந்து என்றால் எல்லை தாண்டி ஹாட்ஞாயில் இரண்டு நாள் கூத்தடித்துவிட்டு, வீட்டில் ஏதோ வேலை விஷயம் என்று சொல்வார்கள்.

"போயிட்டு வாங்கண்ணே," என்றான் டிரைவர். "காசு தீந்தா எல்லாரும் தானா வந்துருவாங்க லா."

"ஹாட்ஞாய் இல்ல தம்பி. வடக்க, மலை மேல. மருந்துக் கொட்டாய் ஒன்னு இருக்கு. அதப் பாத்துக்கிட்டு ஊழியம் செய்யப் போறேன். அங்கயே இருக்கப் போறேன்."

"மலையில என்னண்ணே இருக்கு?"

"ஒன்னும் இல்ல. அதனாலதான் போறேன்."

நான் ஒன்பது காரணங்கள் சொன்னேன். மலேரியா முதல் காரணம், அவனுடைய மூலம் ஒன்பதாவது காரணம். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே என் பங்கு ரொட்டியையும் தின்று முடித்தான்.

அவனுடைய அக்காவிடம் அவன் சொன்னபோது கதை வேறு மாதிரி ஆயிற்று. அக்கா ஈப்போவிலேயே சிலிபின் பக்கம் தையல் மெசின் வைத்திருந்தார். தாய்லாந்து என்பது அவர் காதில் சயாம் என்றுதான் விழும். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் ரோடு போடச் சயாமுக்கு இழுத்துக்கொண்டு போனவர்களில் அவர்களுடைய சித்தப்பாவும் ஒருவர்.

"சயாமுக்குப் போனவன் எவன்டா திரும்பி வந்தான்?" என்று துணியைக் கீழே போட்டுவிட்டு அழுதார். "போன சித்தப்பாவுக்கே கடைசி வரைக்கும் சோறு எடுத்து வச்சுக்கிட்டிருந்தா நம்ம சின்னம்மா. நோஞ்சான், நீ வேற போறியா?"

ஊர்ப் பெயரைச் சொன்னால் இளவட்டங்கள் சிரித்தன, பெரியவர்கள் அழுதார்கள். இரண்டுக்கும் நடுவில் என் நண்பன் பெட்டியைக் கட்டினான்.

ஈப்போ ஸ்டேஷனுக்கு வழியனுப்ப இருபத்திரண்டு பேர் வந்தோம். சபைக்காரர்கள் பாடினார்கள். ஸ்டேஷன் கடைக் கோப்பையை நான் நம்புவதில்லை என்பதால் இரண்டு பிளாஸ்க்கில் கோப்பியும், துணிப்பையில் பன்னிரண்டு டம்ளர்களும் கொண்டு போயிருந்தேன். பத்துப் பேர் காத்திருந்து குடித்தார்கள். அவன் ரயில் பெட்டியின் படியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், எழுதாத. ஒன் எழுத்து ஆபீஸ் மெமோ மாதிரி இருக்கும். பேசி அனுப்பு."

போதகர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உதவி செய்யும் வேலைகளை அவர் ஏற்கெனவே பங்கு போட்டிருந்தார். ஒருவர் மருந்து சேர்க்க வேண்டும், ஒருவர் துணி, மற்றவர்கள் ஜெபம். எனக்கு என்ன கொடுப்பது என்று அவருக்குத் தெரியாமல் இருந்தது.

"அண்ணே, நீங்க ஜெபம் பண்ணணும்னு நான் சொல்லல," என்றார் தயங்கிக்கொண்டே. "ஆனா ஒங்க வீட்டுல பெரிய கேசட் மெசின் இருக்குன்னு சொன்னாங்க."

வண்டி நகர்ந்தது. எல்லாரும் கூச்சலிட்டோம். வீட்டுக்கு வந்து எண்ணினேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பையை உதறினேன். ஸ்டேஷனில் அந்தப் பையைச் சற்று நேரம் பிடித்திருந்தவர் சபையில் மூத்தவர், தோட்டத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் பேச்சாளராக இருந்தவர். எனக்கு அவர் மேல்தான் சந்தேகம். அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். கண்ணாடிக் கிளாசில்தான் கொடுத்தார். அதுவே சந்தேகத்தை அதிகமாக்கியது.

கேசட்டில் பேசி அனுப்புவது அப்போது எங்கள் வழக்கம். சிங்கப்பூருக்கும் தமிழ்நாட்டுக்கும் அப்படித்தான் அனுப்புவோம். அதில் ஒரு சங்கடம் உண்டு. மைக்கைப் பார்த்துவிட்டால் எங்கள் ஆட்களுக்குச் சாதாரணப் பேச்சு வராது. சிவப்பு விளக்கு எரிந்த உடனே எல்லாருக்கும் மேடைத் தமிழ் வந்துவிடும்.

முதல் கேசட் எங்கள் வீட்டில் பதிவானது. மெசினை வெளியே கொண்டு போக நான் சம்மதிக்கவில்லை. பதினான்கு பேர், ஒன்பது நாற்காலி. மூத்தவர் முதலில் பேசினார்.

"அன்பும் அருளும் நிறைந்த சகோதரர் அவர்களே, கடல் கடந்து, கண்டம் கடந்து, தங்கள் தூய பணி..."

ரயிலில் போனவன் எந்தக் கடலைக் கடந்தான் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அக்கா அடுத்து வந்தார். தம்பியைப் பிறந்த நாளிலிருந்து நோஞ்சான் என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடாதவர், "அன்புத் தம்பி, இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலம் அறிய ஆவல்," என்று சொல்லிவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்தார். நான் தாளில் எழுதி வைத்துப் படித்தேன். முதலாவதாக, இரண்டாவதாக என்று பதினொன்றாவதாக வரைக்கும் இருந்தது.

அவனுடைய பதில் கேசட் வந்தது. முதல் பக்கம் சபைக்கு. நன்றி, ஸ்தோத்திரம், மலைக் காற்று நல்லது என்று அவனும் மேடைத் தமிழில் பேசியிருந்தான். மறுபக்கம் எனக்கு மட்டும் என்று உறையில் எழுதியிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"மச்சான், பகல்ல வேலை இருக்கு. காய்ச்சல், புண்ணு, பல்லுவலி. வாராங்க, மருந்து வாங்கிக்கிட்டு, கும்பிட்டுட்டுப் போயிடுறாங்க. பொழுது சாஞ்சா ஒருத்தரும் வர்றதில்ல. வந்தாலும் என்ன பேசுறது? அவங்க பாஷையில எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வாக்கியம். எங்க வலிக்குது, சாப்பாட்டுக்கு அப்புறம். அத வச்சு யார்கிட்ட ஊழியம் செய்யறது? ராத்திரியானா ஒரு சத்தமும் இல்ல மச்சான். நாம லயத்துல பொறந்தவங்க. அடுத்த வீட்டுச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வரல. சரி, ஒங்க கேசட்டப் போடுவோம்னு போட்டா, சங்கத்து ஆண்டுக் கூட்டத்துல ஒக்காந்த மாதிரி இருக்கு லா. நலம் அறிய ஆவல்னு ஒரு பொம்பள சொல்லுது. யாரு அது? எங்க அக்காவா? எனக்கு பயமாப் போச்சு."

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"மழை முடிஞ்சதும் வந்துடலாம்னு இருக்கேன். போதகர்கிட்ட இன்னும் சொல்லல. நீயும் சொல்லாத. அடுத்த கேசட் வரட்டும், பாக்கறேன். அதுவும் இப்படித்தான்னா மூட்டையக் கட்டிடுவேன்."

அன்றைக்கு நான் கோப்பிக்கடைக்குப் போய் இரண்டு கோப்பி சொன்னேன். அவ்வளவு சந்தோஷம். இரண்டையும் நானே குடித்தேன். இரண்டாவதைக் குடிக்கும்போது சந்தோஷம் குறைந்துவிட்டது. அவன் தோட்டத்து மருந்துக் கொட்டாயில் கட்டுப் போடக் கற்றுக்கொண்ட பையன். அப்போதிருந்தே இப்படி ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். மனசு விட்டுப்போய்த் திரும்பி வந்தால், எதிர் நாற்காலியில் வந்து உட்காருவது யாராக இருக்கும்? அதோடு, எதிர் நாற்காலியில் இப்போது அந்த லாரி டிரைவர் வந்து உட்கார ஆரம்பித்திருந்தான். 'காசு தீந்துருச்சாண்ணே?' என்று அவன் கேட்கப்போவதை என்னால் தாங்க முடியாது.

அதனால், அவன் வர வேண்டும் என்று ஊரிலேயே அதிகமாக ஆசைப்பட்ட நான், அவன் வராமல் இருப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

அடுத்த பதிவுக்கு எல்லாரும் கூடியபோது, வீட்டில் பேசுவது போலப் பேசுங்கள் என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

"மைக்கு முன்னால எப்படித் தம்பி வீட்டுல மாதிரி பேசுறது?" என்றார் அக்கா. "மரியாதையா இருக்காது."

மூத்தவர் இந்த முறை எழுதியே கொண்டு வந்திருந்தார். பேச்சைத்தான் மாற்ற முடியவில்லை, பதிவையாவது சுத்தமாகச் செய்வோம் என்று தீர்மானித்தேன். முதல் கேசட்டில் இருமல் ஏழு, ரொட்டிக்காரர் ஹாரன் இரண்டு, கோயில் உறுமிச் சத்தம் ஒன்று விழுந்திருந்தன. என் மெசினில் தற்காலிகமாக நிறுத்துவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. ஒருமுறை அமுக்கினால் நாடா நிற்கும், மறுமுறை அமுக்கினால் ஓடும். சிவப்பு விளக்கு மட்டும் இரண்டு நிலையிலும் எரிந்துகொண்டிருக்கும். போதகர் ஜெபத்தைத் தொடங்கிய உடனே யாரோ இருமினார்கள். அமுக்கினேன். ஜெபம், பாட்டு, பேச்சு எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் இருமவில்லை, ரொட்டிக்காரரும் வரவில்லை. இவ்வளவு சுத்தமாக எந்தப் பதிவும் அமைந்ததில்லை என்று திருப்தியோடு நாடாவை நிறுத்த அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டு, எல்லாரையும் பசியாறச் சொன்னேன்.

என் மனைவி உளுந்து வடை சுட்டிருந்தாள். நாற்பது.

அக்கா முதல் கடி கடித்தார். "இதுல உப்பு இருக்கா, இல்லியா?"

"ஒங்களுக்கு ரத்தக் கொதிப்புக்கா. ஒங்களுக்காகத்தான் கம்மியாப் போட்டேன்," என்றாள் என் மனைவி.

"எனக்காகவா? அப்ப கல்லு மாதிரி சுட்டது யாருக்காக? ஒன் புருஷனுக்கா?"

"அவருக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு. நீங்க தச்சுக் குடுத்த ரவிக்கை மாதிரியா, போட்ட அன்னிக்கே கிழிஞ்சு போறதுக்கு?"

"நீ பெருத்துப் போனதுக்கு என் தையல் என்ன பண்ணும்?"

"ரெண்டு பேரும் சண்டைய விடுங்க," என்றார் மூத்தவர் வாய் நிறைய வடையோடு. "எனக்கு உப்பு சரியாத்தான் இருக்கு."

"ஒங்களுக்குச் சரியாத்தான் இருக்கும். அது ஏழாவது வடை," என்றேன் நான்.

"அடப்பாவி," என்றார் அக்கா. "வடைய எண்ணுற ஆம்பளய இப்பத்தான் பாக்கறேன். அந்த நோஞ்சான் இங்க இருந்திருந்தா இந்நேரம் சட்டைப் பையில நாலு போட்டிருப்பான். அவன என்ன பண்ணுவே?"

அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரரும் வந்தார். முந்தாநாள் கொடுத்த ரொட்டியில் பூசணம் என்று அக்கா வாசலுக்குப் போய் அவரையும் ஒரு கை பார்த்தார்.

எல்லாரும் போனபின் நான் மேசையில் உட்கார்ந்து டம்ளர்களைத் துடைத்தேன். தனியாக இருக்கும்போது பேசிக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. துடைத்து முடித்துப் பார்த்தபோது நாடா கடைசி வரை ஓடித் தானாக நின்றிருந்தது. பேச்சுதான் அவ்வளவு நீளம் என்று நினைத்தேன். பேட்டரி வீணாகுமே என்று போட்டுப் பார்க்கவில்லை. மறுநாள் தபாலில் சேர்த்தேன்.

பதில் வந்தபோது உறையில் சபைக்கு என்று மட்டும் எழுதியிருந்தது. ஆராதனை முடிந்து எல்லாரையும் உட்கார வைத்துப் போதகர் போடச் சொன்னார். முதலில் சிரிப்புதான் கேட்டது. நாடாவில் கோளாறு என்று நினைத்து நான் எழுந்தேன்.

"அக்கா," என்றது அவன் குரல். "கடைசில உப்பு இருந்துச்சா, இல்லியா? தீர்ப்பச் சொல்லுங்க. இங்க எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் போதகரைப் பார்த்தேன். போதகர் மெசினைப் பார்த்தார்.

"ஜெபம் ஒரே ஒரு இருமல் வரைக்கும்தான் வந்திருக்கு. அதுக்கப்புறம் முழுக்க ஒங்க சண்டைதான். நான் சத்தமா வச்சுக் கேட்டேன். அடுத்த வீட்டுக் கெழவர் ஓடி வந்தாரு. நான் யார்கூடவோ அடிச்சுக்கிறேன்னு நெனச்சாராம். பின்னாலயே பத்துப் பேரு. யாரு யாரத் திட்டுறாங்கன்னு கேக்கறாங்க. எப்படிச் சொல்லுவே? உப்பக் காட்டினேன், கல்லக் காட்டினேன், தையல் ஊசியக் காட்டினேன். அவங்க ஒவ்வொன்னுக்கும் அவங்க பேரச் சொன்னாங்க. மறுநாளும் வந்தாங்க. தெனமும் வாராங்க. பாதிப் பேரு அக்கா பக்கம், பாதிப் பேரு வடை சுட்டவங்க பக்கம். உப்புக்கு, பொய்யிக்கு, பேராசைக்கு, பல்லுக்கு எல்லாத்துக்கும் எனக்கு இப்ப வார்த்தை தெரியும். நேத்து நான் பேசுறது புரிஞ்சு கெழவர் சிரிச்சாரு. போதகரய்யா மன்னிக்கணும். இத்தன நாள் ஜெபத்த யாரும் என்னன்னு கேட்டதில்ல. இப்ப கேக்கறாங்க. வடைக்கு முன்னால என்ன பேசினாங்க, ஏன் அதப் போடலன்னு கேக்கறாங்க."

பிறகு 'டிங்' என்று ஒரு சத்தம். கரண்டியால் தட்டிய சத்தம்.

"மச்சான், ஒன் பன்னெண்டாவது டம்ளர். வண்டி நகந்தப்ப என் கையில இருந்துச்சு. அந்தப் பெரியவரச் சந்தேகப்படாத, பாவம். கேசட்டுல நீ அவரத் திட்டுனதும் இருக்கு."

மூத்தவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு பாட்டும் தெரியாது.

"இன்னொன்னு. டம்ளர்ல வெட்டியிருக்கறது என்னன்னு எல்லாரும் கேக்கறாங்க. அது நான் கும்பிடற சாமி பேரான்னு கெழவர் கேட்டாரு. இல்ல, அந்த உப்பு கம்மியாப் போட்ட அம்மா பேருன்னு சொன்னேன். அன்னிலேருந்து டம்ளருக்கு ஒரே மரியாதை."

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். கல்யாணமாகாத ஊழியக்காரன் வீட்டில் என் பெண்டாட்டி பெயர் போட்ட டம்ளர் இருக்கிறதே என்று அந்த நேரத்திலும் நான் கவலைப்பட்டேன்.

கேசட்டின் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மச்சான், கடைசில நீ தனியா ஒக்காந்து, எதிர் நாற்காலியில லாரிக்காரன் ஒக்காருறான், வாய் நாத்தம்னு பொலம்புறது நல்லா விழுந்திருக்கு. அதத்தான் நான் அதிகமாப் போட்டுக் கேக்கறேன். மழைக்கப்புறம்னு சொன்னேனே, அத மறந்துடு."

அது என்ன மழை என்று போதகர் கேட்டார். ஏதோ கூரை ஒழுகுகிறதாம் என்றேன்.

இனிமேல் எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். அடுத்த கூட்டத்தில்தான் விபரீதம் புரிந்தது. வடை நேரமும் பதிவாகிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். அக்கா புதுச் சேலை கட்டி வந்திருந்தார். ஒரு வடையை எடுத்து, மெசினை நோக்கித் தொண்டையைச் செருமினார்.

"அன்புச் சகோதரி அவர்களே, இவ்வடையில் உப்பு சற்றுக் குறைவாக உள்ளதாக நான் கருதுகிறேன்."

"தங்கள் கருத்துக்கு மிக்க நன்றி," என்றாள் என் மனைவி.

இந்தக் கேசட் போய்ச் சேர்ந்தால் கிழவரும் பத்துப் பேரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், இவன் பழையபடி தனியாக உட்கார்ந்து மழையை எதிர்பார்ப்பான். அதை நான் அனுப்பவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில், மெசின் கெட்டுவிட்டது, சும்மா ஜெபம் பண்ணிவிட்டுப் பசியாறலாம் என்றேன். அவன் விட்டுப் போயிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டிச் சிவப்பு விளக்கின் மேல் ஒட்டி, மெசினைத் துண்டால் மூடி, பலகாரத் தட்டை அதற்குப் பக்கத்திலேயே வைத்தேன். இந்த முறை போதகரின் ஜெபம் முழுக்க விழுந்தது. பொத்தானை ஐந்து தடவை சரிபார்த்திருந்தேன்.

"மெசின் கெட்டதும் நல்லதாப் போச்சு," என்றார் மூத்தவர். "வடையக் கொண்டா. எண்ணாமக் கொண்டா."

அவர்கள் பாட்டுக்குச் சண்டை போட்டார்கள். ரவிக்கை மறுபடி வந்தது, ரொட்டிக்காரர் வந்தார், உப்பு இந்த முறை அதிகம் என்று அக்கா கரித்துக் கொட்டினார். நான் ஒரு மூலையில் குற்றவாளி போல உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது அக்கா செருப்பைப் போட்டவர் திரும்பி உள்ளே வந்தார். மேசையருகே போய், மெசினை மூடியிருந்த துண்டின் மேல் குனிந்தார்.

"டேய் நோஞ்சான், கம்பளி அனுப்பிருக்கேன். காதை மூடிக்கிட்டுப் படு. சித்தப்பா மாதிரி பண்ணிடாத."

என்னைப் பார்க்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு எத்தனையோ கேசட் போயிற்று. மெசின் கெட்டுத்தான் இருந்தது. அது எப்போது சரியாகும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எண்பதுகளில் அவன் முதல்தடவையாக விடுப்பில் வந்தான். இளைத்திருந்தான், கறுத்திருந்தான். கோப்பிக்கடையில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். லாரி டிரைவர் அவனைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

"என்னண்ணே, காசு தீந்துருச்சா?"

"இல்ல தம்பி. உப்பு தீந்துருச்சு," என்றான்.

டம்ளரைக் கொண்டு வந்திருந்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மனைவி அதைப் புளி போட்டு விளக்கினாள். நான் வரிசையில் வைத்து எண்ணினேன். பன்னிரண்டு. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

அவன் திரும்பிப் போன அன்றும் ஸ்டேஷனுக்குக் கோப்பி கொண்டு போனோம். இந்த முறை வண்டி நகரும் முன்பே டம்ளர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிப் பையில் போட்டேன். வாங்கும்போதே எண்ண நினைத்தேன், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுததில் கணக்கு தப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து துடைத்துக் கவிழ்த்தேன்.

பத்து இருந்தன.

நசுங்கியதைக் காணோம், கூட இன்னொன்றும் இல்லை. அடுத்த வீட்டுக் கிழவருக்காக இருக்கும். மனைவி அடுப்படியிலிருந்து, "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

சரியாக இருக்கிறது என்றேன். யார் மேலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பத்தையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, மெசினுக்குப் பேட்டரி வாங்கக் கடைக்குப் போனேன்.